மோரோவின் ஓட்டம்

"வேற நாய் இருந்தா குடுங்க, டோன்யா. இது வேண்டாம்."

வில்மர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே, மரியாதைக்கு 'டோன்யா' போட்டுச் சொன்னதும் நூபியாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொலம்பியாவில், புக்காரமாங்கா ஊரின் ஓரத்தில் நாய்களுக்குத் தடை ஓட்டம் பழக்கும் மைதானம் அவளுடையது. வெனிசுவேலாவிலிருந்து பிழைக்க வந்தவன், அங்கே இதே தொழிலில் பேர் வாங்கியவன் என்று கேள்விப்பட்டுத்தான், வேலை கொடுக்கும் முன் ஒரு நாயை ஓட்டிக் காட்டச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

"என்னய்யா, பயமா?" வேலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த உதவியாளன் யேசித் சிரித்தான். "மோரோ கடிக்க மாட்டான். ஓடவும் மாட்டான். தின்னுட்டுத் தூங்குவான், என்னை மாதிரி."

தூரத்துக் கொட்டகையில், முதுகைக் காட்டிப் படுத்திருந்தது அந்தக் கறுப்பு நாய்.

"ஓடுற நாயை யார் வேணா ஓட்டலாம் தம்பி," என்றாள் நூபியா. "எவனோ லாரிக்காரன் இதை ரோட்டுல பார்த்துக் கொண்டாந்து விட்டான். அன்னிலேருந்து ஆம்பளைங்க கிட்டவே போகாது. இப்படிப்பட்ட நாயும் எவனை நம்பி வருதோ, எனக்கு நல்ல பயிற்சிக்காரன்னா அவன்தான். போட்டிக் கோப்பையெல்லாம் யாருக்கு வேணும்?"

வில்மர் ரொம்ப நேரம் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, மெதுவாக ஒரு விசில் அடித்தான்.

நாய் துள்ளி எழுந்தது. அடுத்த நொடி மைதானத்தில் இருந்தது. அவன் கையை அசைக்க, தடைக் கம்பத்தைத் தாண்டியது. தோளைத் திருப்ப, குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. வரிசையாக நட்டிருந்த கழிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பாய்ந்தது. கடைசியில் அவன் மார்பில் தாவி ஏறி, முகமெல்லாம் நக்கியது.

யேசித்தின் காபி ஆறிக்கொண்டிருந்தது. "மந்திரம் கிந்திரம் போட்டியா?"

நூபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் ஆயுசுல இப்படி ஒரு பயிற்சிக்காரனைப் பார்த்ததில்ல. நாளைக்கே வேலைக்கு வந்துடு. பின்னாடி ரூம் இருக்கு, தங்கிக்கோ."

வில்மர் நாயின் காதுகளைத் தடவினான். நிமிரவே இல்லை.

"நீங்க சொன்ன அந்த நல்லவன் நான் இல்ல, டோன்யா. இந்த வேலைக்கு எனக்கு யோக்கியதை கிடையாது."

"என்ன உளர்ற? உன்னைப் பார்த்ததும் எப்படி ஓடினான் பாரு!"

அவன் நாயின் கழுத்துப்பட்டையை அவள் கையில் கொடுத்தான்.

"நான் வெளிய போறவரைக்கும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்றான். "நாயோட ஏறக்கூடாதுன்னு சொன்னாங்கன்னு, நாட்டு எல்லையில இவனை விட்டுட்டு நான் பஸ் ஏறின அன்னிக்கும், இவன் இப்படித்தான் பின்னாலயே ஓடி வந்தான்."