பல்லுக்கு ஒரு சீட்டு

"தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறாருங்க. ஆறு மாசமா என் காதுகிட்டயே கேக்குது" என்றாள் கலைமதி. பெருமுக்கலிலிருந்து பஸ் ஏறி, திண்டிவனத்தில் பல் டாக்டர் சந்திரவதியிடம் கணவனுக்காக வந்திருந்தாள்.

"எழுப்பிப் பாத்தீங்களா?"

"'என்னாங்க'ன்னு கூப்பிட்டா நிறுத்திடுவாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் ஆரம்பிச்சிடுவாரு. வயித்துல பூச்சி இருந்தா இப்படித்தான்னு எங்க மாமியார் சொல்றாங்க."

"பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. மனசுல பாரம் இருந்தா, தூங்கும்போது பல்லுல காட்டும். அவருக்கு ஏதாவது கவலையா?"

"கேட்டா, 'ஜாலியா இருக்கேன்'னு சிரிக்கிறாரு."

"சரி, நாளைக்குக் கூட்டிக்கினு வாங்க. அளவெடுத்து, தூங்கும்போது பல்லுல மாட்டிக்க ஒரு உறை செஞ்சி தர்றேன். அப்படியே விட்டா பல்லு தேஞ்சிடும்."

கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு குவைத்துல இருக்காருங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சத்தம் எப்படிக் கேட்டுது?"

"ரெண்டு பேரும் போனை கட் பண்ணாம தலைமாட்டுல வெச்சிக்கினுதான் தூங்குவோம்."

சந்திரவதி பேனாவை மூடி வைத்தார். "ஆளைப் பாக்காம நான் என்னம்மா பண்ண முடியும்?"

"உடனே நேர்ல வந்து காட்டணும்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க, டாக்டர். அங்க எவ்ளோ கஷ்டப்பட்டாலும், அதை வெளிய சொல்லிக்கினு அவரு ஊருக்கு வரமாட்டாரு. பல்லுக்காகன்னா வந்துடுவாரு."