இரவலிலேயே தீர்ந்த புத்தகம்

நாவலாசிரியருக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய ஒலிப்புத்தகம் நூலகத்தின் செயலியிலிருந்து காணாமல் போயிருந்தது.

“உரிமம் முடிஞ்சிடுச்சு சார்,” என்றார் நூலகர் அம்மா. “ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கேட்கலாம். இருபது தடவை இரவல் போனா பதிப்பகம் பிடுங்கிக்கும். மறுபடி முழு விலை குடுக்கணும்.”

“அநியாயம். காகிதப் புத்தகம்னா கிழியுற வரைக்கும் இருக்குமே. இவ்வளவு கிராக்கி உள்ளதைத் திரும்ப வாங்கக் கூடாதா?”

பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநரும் ஒத்து ஊதினார். “ஆமாம்மா. வண்டியில கேட்கலாம்னு நானும் அதை எப்பத் தேடினாலும் யாரோ எடுத்து வெச்சிருக்காங்க. ஒரு தடவைகூடக் கிடைக்கலை.”

நாவலாசிரியருக்கு உச்சி குளிர்ந்தது.

“கிராக்கி எங்கே சார்?” நூலகர் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தார். “இருபது தடவையும் ஒரே ஆள். திரும்பி வந்த நிமிஷமே மறுபடி எடுத்திருக்கார். பேரெல்லாம் நாங்க சொல்றதில்லை.”

தன் புத்தகத்தைச் சீந்த ஆளில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, ஒரு வரிகூடக் கேட்காமல் தானே எடுத்து எடுத்து வைத்திருந்த நாவலாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்க லாரி எந்தப் பக்கம் போகுது?” என்று ஓட்டுநரிடம் கேட்டார். “அது நான் எழுதினதுதான். வழியெல்லாம் நானே படிச்சுக் காட்டுறேன்.”