லட்டு கொடுத்த பிறகு

கூடத்தில் இருந்தவர்கள்: நான், அப்பா, கோதை அத்தை, சுவர் ஒலிபெருக்கியில் பல்கலைக்கழகத்தின் குரல். அங்கே படிக்கக் கிடைத்த இடத்தை நான் ஏற்றபோது அப்பாவும் அத்தையும்தான் சாட்சிகள். விலகவும் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏற்ற நாளிலிருந்து ஆளறியும் வாசற்கதவின் கணக்கில் நான் விடுதிக்குப் போய்விட்டவள். மணியடித்துத்தான் உள்ளே வருகிறேன். வீட்டு ஆட்கள் வெளியேறினால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். எனக்குப் பின்னால் அப்பாதான் வந்து பூட்டுவார்.

"ஊரெல்லாம் லட்டு குடுத்தாச்சேடி, பூவிழி."

"அது எப்பவோ செரிச்சிருக்கும்ண்ணே. நான் ஒத்துக்கிறேன்," என்றாள் அத்தை.

"லிஃப்ட் மெக்கானிக் வேலையில அப்படி என்னடி இருக்கு?"

"கையெல்லாம் கிரீஸ். ஆனா காலையில எந்திரிக்கப் பிடிக்குதுப்பா."

அப்பா சுவரைப் பார்த்து, "விலகட்டும்," என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பழக்கத்தில் அப்பாவும் பின்னால் வந்தார். அவர் கை தாழ்ப்பாளை எட்டுமுன் கதவு தானே சாத்திப் பூட்டிக்கொண்டது.