ஈரம் படிந்த பன்னிரண்டு படங்கள்

"இதுல மிஷின் எங்க இருக்குதுண்ணா?"

செல்லி நீட்டிய போட்டோவை ஆஞ்சப்பன் வாங்கவில்லை. வாங்கிப் பார்க்க என்ன இருக்கிறது? எடுத்தவனே அவன்தான். வெள்ளைப் புகைக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று. பிரஸ் மிஷின் என்றும் சொல்லலாம், சானமாவுக் காட்டில் மழைக்குள் நிற்கும் யானை என்றும் சொல்லலாம்.

அவள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததுமே, மேஜையில் வெட்டிப் பரப்பியிருந்த அடையாள அட்டைப் படங்களின் மேல் செய்தித்தாளை இழுத்துப் போட்டு மூடியிருந்தான்.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. பேரிகையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். முந்தானை மழையில் நனைந்திருந்தது. யூனியன்காரர்தான் அந்தப் பிரதியைக் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னாராம்.

அவள் புருஷன் முனிவேல், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவன். மூன்று வாரத்துக்கு முன் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. மிஷினுக்குள் கை போகாமல் காக்கும் கம்பித் தடுப்பை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஆயுதபூஜை முடிந்த வாரமே கம்பெனி கழற்றிவிட்டது. இப்போதோ, தடுப்பு இருந்தது, முனிவேலே கழற்றிவிட்டுக் கையை விட்டான் என்று சாதிக்கிறது.

விபத்தன்று யூனியன் பிடிவாதம் பிடித்து, மிஷினை இருந்தபடியே படம் எடுக்க வைத்தது. கம்பெனி விசேஷங்களுக்கெல்லாம் போகிற ஆஞ்சப்பனையே கூப்பிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் தடுப்பு திரும்ப மாட்டியாகிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. மிஞ்சிய சாட்சி இந்தப் பன்னிரண்டு படங்கள்தான்.

"வியாழக்கிழமை விசாரணை. இதத் தவிர எங்க கையில வேற ஒண்ணும் இல்ல," என்றாள் செல்லி.

ஆஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மேனேஜர் ரூம்ல அரைமணி நேரம் உக்கார வெச்சுட்டாங்கம்மா. ஏ.சி.யில கேமரா சில்லுனு ஆயிடுச்சி. அங்கருந்து நேரா ஷெட்டுக்குள்ள போனா, வெளிய மழை, உள்ள தகடு கழுவுற வெந்நீர்த் தொட்டி ஆவி. ஐஸ்லருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்குமே, அந்த மாதிரி லென்ஸ் பூரா வேர்த்துப் போச்சி. தொடைக்கத் தொடைக்கப் படிஞ்சுது."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தாலாவது தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. பதினோரு வருஷமாகத் தொழிலில் இருக்கிறவன், நேற்று கேமரா தொட்டவனைப் போல இப்படி நிற்கிறோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தப்பு என் மேலதாம்மா."

"இல்லண்ணா. தப்பு எங்க மேல."

அவன் நிமிர்ந்தான். செல்லி மஞ்சள் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த கனமான பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள். அதன் மேல் சிவப்பு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது.

"இது உங்களுதுதானே?"

அவனுடையதுதான்.

"ஆயுதபூஜை அன்னிக்கு ஏ.சி. ரூம்லயே கேமராவ இதுக்குள்ள போட்டு, வாயக் கட்டி எடுத்தாந்தீங்களாம். ஷெட்டுக்கு வந்தும் கால்மணி நேரம் பிரிக்கலியாம். மேனேஜர் என்னாத்துக்குனு கேட்டாராம். கேமராவோட குளிர்ச்சி போற வரைக்கும் ஈரம் கவர் மேலயே நின்னுடும், உள்ள போவாதுன்னு சொன்னீங்களாம். எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னு கேட்டிருக்காரு."

ஆஞ்சப்பன் செய்தித்தாளின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"நீங்க ஜன்னல்ல மறந்துட்டுப் போனத எடுத்து, குடுக்கலாம்னு டிபன் பையில வெச்சவரு, அப்பிடியே மறந்துட்டாரு. இப்ப ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதத்தான் சொல்லிப் பொலம்புறாரு. அந்தக் கவர அன்னிக்கே குடுத்திருந்தா படம் கெட்டிருக்காது, என் கேஸ நானே கெடுத்துக்கிட்டேன்னு."

கவரை மேஜைமேல் வைத்தாள், செய்தித்தாளுக்குப் பக்கத்திலேயே.

"எங்களால உங்க தொழிலுக்கும் கெட்ட பேரு. உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சி. ஆனா, நேர்ல போய்ச் சொல்லிட்டு வான்னாரு. மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

புகைப் போட்டோவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். தூறலில் அவள் பஸ் நிலையத்தை நோக்கி நடந்து மறையும் வரை நின்றுவிட்டு, ஆஞ்சப்பன் கேமராப் பையைத் திறந்தான்.

ஆயுதபூஜைக்கு மறுநாளே வாங்கிய புதுக் கவர், மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. விபத்தன்று ஏ.சி. அறையில் அவன் அதை எடுத்தபோது, "இன்னிக்கு அது வேணாம் ஆஞ்சப்பா" என்று சொல்லி, எழுநூறு அடையாள அட்டைப் படங்களுக்கான ஆர்டரை மேனேஜர் நீட்டினார். அவனும் கவரைப் பையில் வைத்துவிட்டு, ஆர்டரை வாங்கிக்கொண்டான்.