எந்தப் பக்கமும் சாயாத மாநிலம்

ஆஸ்திரேலியாவில், ட்ருகனினாவின் அந்தப் பெரிய கிடங்கில், சாப்பாட்டு அறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, எறிக் மட்டும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று அமெரிக்க வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட வேலை செய்யும் பேர்ளுக்கு அவனைப் புரியவே இல்லை.

கிரிக்கெட் என்றாலும் கேட்கமாட்டான். உள்ளூர் அரசியல் என்றால் எழுந்து போய்விடுவான். ஆனால் இரண்டு வாரமாக அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்று ஒரே பேச்சு. பந்தயம் ஏதும் கட்டியிருக்கிறானோ என்றுகூட நினைத்தாள். கேட்டதற்குச் சிரித்தான்.

"மிச்ச இடத்தில எல்லாம் ஆர் வெல்லுவினம் எண்டு முன்னமே தெரியும் அக்கா. ஏழு மாநிலந்தான் இன்னும் எந்தப் பக்கமும் சாயாமல் நிக்குது. கோடிக்கணக்கில சனம் போட்டாலும், கடைசியில அந்த ஏழில கொஞ்சப் பேர்தான் தீர்மானிக்கிறது."

அவன் பேச்சில் மன்னாரும் ராமேஸ்வரமும் கலந்திருக்கும்.

பேர்ள் பக்கத்து ஊரான டார்னெய்ட்டுக்குக் குடிவந்து பல வருடம். இதுவரை எந்த வேட்பாளரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. இந்த நாட்டில் வாக்குப் போடாவிட்டால் தண்டப்பணம் என்பதால் போய்ப் போட்டுவிட்டு வருவாள். தன் வாக்கு எதையாவது சாய்க்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்போது எறிக்கின் தொலைபேசி அடித்தது. பென்சில்வேனியாவில் இருக்கும் தங்கச்சி ஜெசிக்கா.

இங்கே புதன் காலை, அங்கே இன்னும் செவ்வாய் பின்னேரம். வேலை முடிந்த கையோடு வரிசையில் நிற்கிறாளாம். வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து கிடக்கிறதாம். கால் கடுக்கிறது, என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது, வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

எறிக்கின் முகம் மாறிவிட்டது.

"ஜெசி, நீ கலிஃபோர்னியாவில இருந்திருந்தா நானே போ எண்டு சொல்லியிருப்பன். நீ நிக்கிறது பென்சில்வேனியா, அந்த ஏழில ஒண்டு. தயவுசெய்து நில்லம்மா."

கெஞ்சினான். பெரிய ஆம்பிளை ஒருவன் இப்படிக் கெஞ்சிப் பேர்ள் பார்த்ததில்லை.

யாருக்காக இவ்வளவு? நீலக் கட்சியா, சிவப்புக் கட்சியா? வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளாமல் ஏதோ ஒரு கட்சியில் அவனுக்குப் பெரிய பற்று இருக்கவேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சி மறுபடியும் எடுத்தாள். எறிக் சோற்றுப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான்.

"போட்டிட்டன் அண்ணா."

இப்போது கேட்பான் என்று பேர்ள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உள்ள போனதும் முதல்ல என்ன கேட்டவை?" என்றான் எறிக். "பேரைச் சத்தமா வாசிச்சவையா? பேனையா, பென்சிலா? பக்கத்தில நிக்கிற ஆளுக்குத் தெரியாமல் மறைப்பு வச்சிருக்கா? போட்ட பேப்பரை நீயே பெட்டிக்குள்ள விட்டனியா, இல்ல வாங்கிக்கொண்டு போனவையா?"

ஜெசிக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

தொலைக்காட்சியில் ஒரு மாநிலம் நிறம் மாறியது. அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எறிக் பார்க்கவில்லை.

"அப்பாவுக்கு இப்பவே எடுத்துச் சொல்லு" என்று சொல்லி அவன் தொலைபேசியை வைத்தபோது பேர்ளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதென்ன எறிக், கலியாண வீட்டுக் கதை கேக்கிற மாதிரிக் கேக்கிறீர்? இங்க எங்களுக்கு நடக்கிற மாதிரித்தானே அங்கயும் இருக்கும்."

"இங்க எப்பிடி நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது அக்கா."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவனும் தங்கச்சியும் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், இலங்கை அகதிகளின் மண்டபம் முகாமில் பிறந்தவர்கள். அங்கே அகதிக்கு வாக்கில்லை. அப்பாவும் அம்மாவும் இன்னும் அங்கேதான். இவன் படகில் இங்கே வந்து பன்னிரண்டு வருடம். இன்னும் தற்காலிக விசா, அதற்கும் வாக்கில்லை. கலியாணம் கட்டிக்கொண்டு அமெரிக்கா போன ஜெசிக்காவுக்குத்தான் இந்த வருடம் குடியுரிமை கிடைத்தது.

"முகாமுக்கு வந்த பிறகு எங்கட வீட்டில முதல் வோட்டு இது" என்றான். "அதுவும் எந்தப் பக்கமும் சாயாத மாநிலத்தில."

பேர்ள் அவன் தள்ளிவைத்த சோற்றுப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். இவ்வளவு நேரமும் மனதில் கிடந்ததைக் கேட்டாள்.

"அப்ப, ஆருக்காம் போட்டவ?"

எறிக் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"ஐயோ, அதைக் கேக்க மறந்திட்டன் அக்கா."