வழக்கு முடியும்வரை

கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் நால்வர் இருந்தனர். வழக்காளி நேசம், வயது எழுபத்தொன்று, கதவோரக் கதிரையில். எதிராளி பீற்றர், அவருடைய கூடப்பிறந்த அண்ணன், ஜன்னலோரத்தில், தங்கைக்கு முதுகைக் காட்டியபடி. இருவருக்கும் பொதுவாகச் சுவரோடு போட்ட நீள வாங்கில், காலமான மூத்த அண்ணனின் மகன் ஜெனிஸ்டனும் அவன் கூட்டிவந்த லோயர் டில்ஷானியும்.

தரையில் ஒரு சோக்குக் கோடு. பதினொரு அங்குலம் தள்ளி இன்னொன்று. இடைப்பட்ட தரை யாருடையது என்பதே வழக்கு. பத்தொன்பது வருடமாக நடக்கிறது.

"தம்பி, அந்தாளிட்டச் சொல்லு, காலை அங்கால எடுக்கச் சொல்லி. கோட்டைத் தாண்டி நிக்குது" என்றார் நேசம்.

"அவவுக்குச் சொல்லு, தாண்டினது செருப்பு. கால் உள்ளுக்குத்தான் இருக்கு" என்றார் பீற்றர், ஜன்னலைப் பார்த்து.

"ஐயோ, ரெண்டுபேரும் நேராக் கதையுங்கோவன்!" என்றான் ஜெனிஸ்டன்.

"வழக்கில இருக்கிற விசயம். அப்பிடிக் கண்டபடி கதைக்கேலாது" என்றார் பீற்றர்.

டில்ஷானி தன் வழக்குக் கோவையிலிருந்து மஞ்சளாகிப்போன ஒரு தாளை எடுத்தாள். வழக்கு முடியும்வரை இந்த வீட்டைப் பங்காளிகள் எவரும் விற்கவோ இடிக்கவோ கூடாது என்ற இடைக்காலத் தடையுத்தரவு அது.

"தற்காலிகமெண்டு குடுத்தது, அங்கிள். குடுத்த நீதிபதி பென்சன் எடுத்து, மோட்சத்துக்கும் போயிட்டார். ஓடர் மட்டும் இன்னும் உயிரோட இருக்கு."

"மூண்டில ஒரு பங்கு எனக்கு" என்றான் ஜெனிஸ்டன். "அப்பா மாடிவீடு கட்டுற கம்பனியைக் கூட்டிக்கொண்டு வந்த அதே மாசம்தானே நீங்கள் சண்டை பிடிச்சனீங்கள்! ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"கோவம் என்ன, கலண்டர் பாத்தே வாறது?" என்று கேட்டார் நேசம்.

டில்ஷானி தன் திட்டத்தைச் சொன்னாள். ஆளுக்கு ஐந்தரை அங்குலம். வருகிற பதினாலாம் திகதி தவணைக்கு இருவரும் நேரில் வந்து, சம்மதம் என்று நீதிபதி முன்னால் சொல்ல வேண்டும். வழக்கு அன்றைக்கே முடியும், தடையும் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு ஒரு பங்காளி கேட்டாலே வீட்டை விற்றுப் பிரிக்கலாம்.

"வித்த பிறகு நாங்கள் எங்க இருக்கிறது?" பீற்றர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் பாத்திட்டன், சித்தப்பா. உங்களுக்கு நீர்கொழும்பில ஒரு வயோதிபர் இல்லம். மாமிக்கு மொறட்டுவையில, சிஸ்டர்மார் நடத்துறது. வேணுமெண்டுதான் தூரத் தூர எடுத்தனான். இனிச் சண்டையே வராது பாருங்கோ."

பீற்றர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லது" என்றார் நேசம். "அந்த மூஞ்சையைப் பாக்காமல் சாகலாம்."

"எனக்கும் அதுதான் வேணும். எங்க கையெழுத்து வைக்கிறது?" என்றார் பீற்றர்.

"இப்ப வேண்டாம் அங்கிள், பதினாலாந் திகதி வைச்சாப் போதும்." டில்ஷானிக்கு நம்ப முடியவில்லை. "இவ்வளவு லேசா முடியுமெண்டு நான் நினைக்கேல்ல."

"வயசு போகுது, பிள்ளை. எத்தினை நாளைக்கெண்டு இழுக்கிறது?" என்றார் பீற்றர்.

ஜெனிஸ்டன் இருவருக்கும் தனித்தனியாகக் கைகொடுத்தான். பதினாலாந் திகதி காலையில் இரண்டு ஓட்டோ அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, லோயரோடு வத்தளை பஸ்ஸுக்குப் போனான். நேசம் தன் பக்கத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பீற்றர் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினார்.

பீற்றர் துறைமுகக் கந்தோரில் முப்பத்தாறு வருடம் கடிதம் எழுதியவர். மேசையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, தாளின் வலது மூலையில் திகதியை எழுதினார். அதன்கீழ் வழக்கிலக்கம், அடியில் இரட்டைக் கோடு. பெறுநர், அவருடைய சொந்த லோயர் பேர்னாட்.

'மேற்படி வழக்கின் எதிராளியாகிய எனக்குத் திடீரென ஏற்பட்டுள்ள சுகவீனம் காரணமாகப் பதினாலாந் திகதி சமூகமளிக்க இயலாதென்பதை மனவருத்தத்துடன் அறியத் தருகிறேன். தயவுகூர்ந்து வேறொரு தவணை பெற்றுத் தரவும். வைத்தியச் சான்றிதழ் பின்னர் அனுப்பப்படும்.'

இரண்டு தரம் வாசித்தார். ஓரிடத்தில் காற்புள்ளி சேர்த்தார். தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டு, பசை தடவி, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினார். முத்திரையை ஒட்டி, சாய்வு பார்த்து நேராக்கினார்.

பிறகு எழுந்துபோய்க் குசினியில் இரு பக்கத்தையும் பிரிக்கும் நடுக்கதவை இரண்டு தரம் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. தபாற்கந்தோர் பூட்டமுன் போகத் தயாராக, குடை தொங்கிய கை ஒன்று நீண்டு, கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தது.

"அண்ணா, இந்தமுறை உங்களுக்கு என்ன நோயெண்டு நான் ஜெனிஸ்டனுக்குச் சொல்லுறது?"