ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு சண்டை

மாலை வெயில் டிவி திரையில் பாதியை விழுங்கியிருக்கிறது. ஜெயிப்பவருக்கே ஜன்னலோரக் கட்டில் என்பது ஒப்பந்தம். இப்போதைக்கு அது தம்பியின் ராஜ்ஜியம். அக்கா வீடியோ கேம் கன்ட்ரோலரைச் சூடான பாத்திரம்போல் விரல்நுனியில் பிடித்திருக்கிறாள். தம்பிக்கோ அடிப்பதைவிடப் பாடம் எடுப்பதில்தான் ருசி. “அடியைத் தடுத்தா பிளாக். அடி காத்துல போச்சுன்னா விஃப். நான் வீசுன கால் திரும்பி வர்ற வரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அப்பப் பார்த்து அடிச்சா அதான் பனிஷ். புரியுதா?” “உம்,” என்கிறாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இருவரின் உயிர்க்கோட்டிலும் நூலிழைதான் மிச்சம். “இப்பப் பாரு, பெரிய கிக்,” என்று முறைப்படி அறிவித்துவிட்டே தம்பி உதைக்கிறான். அக்காவின் வீராங்கனை ஓரடி பின்னால் நகர்கிறாள். கால் காற்றைக் கிழித்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்புகிறது. ஒரே ஒரு பொத்தான் ‘டக்’ என்கிறது. தம்பியின் வீரன் மல்லாந்து கிடக்கிறான். “இதுக்கு என்னடா பேரு சொன்னே?” தம்பி தொண்டையைச் செருமிக்கொள்கிறான். “பனிஷ்,” என்கிறான், வாத்தியார் மிடுக்குக் குறையாமல். “கரெக்டா பண்ணியிருக்கே.” பாராட்டைக் கேட்க அக்கா அங்கே இல்லை, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள்.